மாமாவின் பங்கு எவ்வளவு?

மாமா இறந்து நாற்பது நாள்கூட ஆகியிருக்காது. ஒரு சனிக்கிழமை மாலை, ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் அச்சகத்துக்கு அத்தை வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே இறப்புச் சான்றிதழ், மாமாவின் வங்கிப் புத்தகம், கடையின் பதிவுப் பத்திர நகல். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டும் அவர் உட்காரவில்லை.

"அண்ணே, கடையில அவரு பங்கு எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க. கொடுக்கிறத மெதுவா கொடுங்க. எவ்வளவுன்னு தெரிஞ்சா போதும்."

"நாளைக்குச் சொல்றேம்மா" என்றார் அப்பா. அந்த 'நாளை' வந்து சேர ஐந்து மாதம் ஆனது.

மாமா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. அப்பாவின் பள்ளித் தோழர். இருவரும் சேர்ந்து தொடங்கிய கடை அது. கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, நாள்காட்டி, பில் புத்தகம் என்று அடிப்பார்கள். சுற்று வட்டாரத்தில் எத்தனையோ கடைகளுக்கு வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் அடித்துக் கொடுத்தவர்கள், தங்கள் சொந்தக் கணக்கைப் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டுக்கும் மேலாக ஒரு சண்டை இல்லை. எழுத்தில் ஓர் ஒப்பந்தமும் இல்லை.

நான் வானொலியில் பேசுகிறவள். கணக்கியல் படித்தவள் அல்ல. ஆனால், அந்த ஐந்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை வேலைக்குப் போகும் நண்பர்களிடம் சொன்னபோது, ஒவ்வொருவரும் "எங்க வீட்டுலயும் இதே கதைதான்" என்றார்கள். அண்ணன் தம்பி நடத்தும் உணவகம், இரண்டு நண்பர்களின் மோட்டார் பட்டறை, கணவன் மனைவி பெயரில் இருக்கும் பூக்கடை என எல்லா இடத்திலும் இதே நிலைமை. அதனால்தான் எழுதுகிறேன்.

லாபம் தெரியும், பங்கு தெரியாது

அப்பா வரி கட்டாதவர் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் பாரம் அனுப்பியிருக்கிறார். அந்த ஆண்டின் லாபம் எவ்வளவு, அதில் பாதி எவ்வளவு என்பதெல்லாம் கோப்பில் இருந்தது. ஆனால், அத்தை கேட்டது ஓர் ஆண்டு லாபத்தை அல்ல. முப்பது ஆண்டுக்குப் பிறகு, கடன்களைக் கழித்து, கடையில் மிச்சம் இருப்பதில் மாமாவுக்குச் சேர வேண்டியது எவ்வளவு என்பதைக் கேட்டார். முதல் கேள்விக்கு வரவு செலவுக் கணக்கு பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சொத்து, கடன், மூலதனம் மூன்றையும் ஒரே தாளில் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு வேண்டும். எங்களிடம் அது இல்லை.

அப்பா மனத்தில் ஒரு தொகை வைத்திருந்தார். "பேங்க்ல 38,000 வெள்ளி இருக்கு. பாதி 19,000. அதுதான் நியாயம்" என்றார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். (குடும்ப விஷயம் என்பதால் இக்கட்டுரையில் எங்கள் கடையின் எண்களை மாற்றி, முழுத் தொகையாகத் தருகிறேன்.)

'பி'க்கும் 'பி'க்கும் உள்ள வேறுபாடு

நம் நாட்டில் கூட்டு வணிகத்தைப் பல சட்டங்கள் தொடுகின்றன. 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். பங்காளிகளுக்கு இடையிலான உறவை 1961ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டம் சொல்கிறது. வரியை 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் பார்த்துக்கொள்கிறது.

வரிச் சட்டத்தின் பார்வையில் கூட்டு வணிகம் வரி கட்டும் ஆள் இல்லை. முதன்மைப் பங்காளி கடையின் கணக்கை ஒரு பாரத்தில் அறிவிப்பார். பிறகு ஒவ்வொரு பங்காளியும் தம் பங்கைத் தம் சொந்தப் பாரத்தில் காட்டி வரி கட்டுவார். இந்த இரண்டு பாரத்தின் பெயரையும் தமிழில் சொன்னால் இரண்டுமே 'பாரம் பி'தான். வானொலியில் இதைச் சொல்லும்போது நான் இப்படிப் பிரித்துச் சொல்வேன்: கடைக்குப் 'பினாங்கு'வின் பி, பங்காளிக்குப் 'பாலிக் பூலாவ்'வின் பி. இரண்டுக்கும் வழக்கமான கடைசி நாள் ஜூன் 30.

இந்த இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். அப்பாவும் மாமாவும் மாதம் ஆளுக்கு 2,000 வெள்ளி 'சம்பளம்' எடுத்துக்கொண்டு, அதைச் செலவாக எழுதியிருந்தார்கள். பங்காளி கடையின் தொழிலாளி அல்ல. அவர் எடுக்கும் சம்பளமும், போட்ட முதலுக்கு எடுக்கும் வட்டியும், கடைப் பணத்தில் கட்டும் வீட்டுக் கரண்ட் பில்லும் வரிக் கணக்கில் அவருடைய வருமானப் பங்குதான். செலவில் எழுதி லாபத்தைக் குறைத்துக் காட்டினால், கணக்காளர் அதைத் திரும்பக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

ஆவணங்களை ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதும் வரிச் சட்டத்தின் விதி. மலாயிலோ ஆங்கிலத்திலோ அவை இருக்க வேண்டும். மாமாவின் பயிற்சிப் புத்தகங்கள் அழகான தமிழ்க் கையெழுத்தில் இருந்தன. அவற்றை வரிசையாக மொழிபெயர்த்து எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

புதிய தரம் யாருக்கு?

கணக்காளரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி எனக்குப் புரியவில்லை. "எந்தத் தரத்தில் கணக்கு போடணும்?" என்றார்.

கணக்கியல் தரம் என்றால் வேறொன்றும் இல்லை. எதை வருமானம் என்று சொல்லலாம், எப்போது சொல்லலாம், ஒரு பொருளுக்கு என்ன மதிப்பு போடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட விதிகள். மலேசியாவில் இவற்றை வெளியிடுவது 1997ஆம் ஆண்டு நிதி அறிக்கைச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியக் கணக்கியல் தர வாரியம். பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களுக்கு எம்.எஃப்.ஆர்.எஸ். என்ற தொகுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் என்று பெயர் முடியும் தனியார் நிறுவனங்களுக்கு எம்.பெர்ஸ். இந்த எம்.பெர்ஸ் 2016 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக அனைத்துலக வாரியம் எழுதிய தரம்தான் இதற்கு அடிப்படை. அந்த அனைத்துலகத் தரத்தின் மூன்றாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. 2027 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வருகிறது. எம்.பெர்ஸின் வேர் அதில் இருப்பதால், நம் ஊர் கணக்காளர்கள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

சரி, ஜெலுத்தோங்கில் இரண்டு பேர் நடத்தும் அச்சகத்துக்கு இது பொருந்துமா? சட்டப்படி கட்டாயம் இல்லை. எம்.பெர்ஸ் தனியார் நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. சாதாரணக் கூட்டு வணிகம் அதில் வராது. கூட்டு வணிகச் சட்டம் கேட்பது வேறு: பங்காளிகள் ஒருவருக்கொருவர் உண்மையான கணக்கையும் முழுத் தகவலையும் தர வேண்டும். கணக்குப் புத்தகம் கடையிலேயே இருக்க வேண்டும். எந்தப் பங்காளியும் எப்போது வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம்.

'உண்மையான கணக்கு' என்று சட்டம் சொல்கிறது. எது உண்மை என்று யார் சொல்வது? அங்கேதான் தரம் உள்ளே வருகிறது. வங்கியில் கடன் கேட்கும்போது, கடையை நிறுவனமாக மாற்றும்போது, ஒரு பங்காளி விலகும்போது, ஒருவர் இறக்கும்போது எல்லாருமே ஏற்கும் அளவுகோல் ஒன்று வேண்டியிருக்கிறது. "கட்டாயம் இல்லைதான். ஆனா, அத்தைகிட்ட ஒரு நம்பரைச் சொல்லி, அது எப்படி வந்ததுன்னு கேட்டா, 'எனக்குத் தோணுச்சு'ன்னு சொல்ல முடியாதில்ல?" என்றார் கணக்காளர். எம்.பெர்ஸை அளவுகோலாக வைத்தே கணக்கு போடுவது என்று முடிவானது.

தமிழ்நாட்டில் உறவினர் தொழில் நடத்தினால் அங்கும் இதே காற்று அடிக்கிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், நிறுவனம் அல்லாத தொழில்களும் ஒரே அமைப்பில் நிதி அறிக்கை தர வேண்டும் என்று வழிகாட்டிக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு அது பொருந்தும். கூட்டு வணிகங்களும் அதில் அடக்கம்.

பினாங்கு ஸ்திரீட்டின் ஐந்தொகை

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த புதுப்பழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டை நமக்கெல்லாம் தெரியும். ரதம் போய்ச் சேரும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் எழுந்தது 1857இல். அந்தத் தெருவின் கிட்டங்கிகளில் உட்கார்ந்து வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் பலர் கூட்டாகத் தொழில் நடத்தியவர்கள். முதல் போட்டவர் செட்டிநாட்டில் இருப்பார். கடையை நடத்தும் முகவர் இங்கே இருப்பார். பெரும்பாலும் மூன்று ஆண்டு தவணை.

முதலாளி ஒரு கடலுக்கு அப்பால் இருக்கும்போது நம்பிக்கையை மட்டும் வைத்துத் தொழில் நடக்காது. அதனால் அவர்கள் கணக்கில் கெட்டியாக இருந்தார்கள். அன்றாடக் குறிப்பு தனி, பேரேடு தனி. எல்லாவற்றையும் திரட்டி, யாருக்கு எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் தாளுக்கு 'ஐந்தொகை' என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் இன்றும் பள்ளிப் பாடத்தில் இருப்புநிலைக் குறிப்பை ஐந்தொகை என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் கடையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், நூறு ஆண்டுக்கு முன்பே நம்மவர்கள் எழுதிக்கொண்டிருந்த தாள் அது. அதைத்தான் நாங்கள் முப்பது ஆண்டாக எழுதாமல் விட்டிருந்தோம்.

ஐந்து மாதமும் நான்கு கேள்விகளும்

மாமா இறந்த நாளை வைத்துக் கணக்கை எழுத உட்கார்ந்தோம். வங்கி அறிக்கை, பில் புத்தகத்தின் கார்பன் நகல்கள், காகிதக் கடையின் விலைப்பட்டியல்கள் எல்லாம் மேசையில். கணக்காளர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

முதல் கேள்வி: வங்கியில் இருக்கும் பணம் முழுவதும் உங்களுடையதா?

38,000 வெள்ளியில் 8,000 வெள்ளி, இன்னும் அடித்துக் கொடுக்காத அழைப்பிதழுக்கும் நாள்காட்டிக்கும் வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம். அப்பா பணம் கைக்கு வந்த அன்றே அதை வருமானமாக எழுதிவிடுவார். தரம் அப்படிச் சொல்லவில்லை. அழைப்பிதழ் வாடிக்கையாளர் கைக்குப் போகும் வரை அந்தப் பணம் நாம் அவருக்குப் பட்டிருக்கும் கடன். புதிய பதிப்பு இதை இன்னும் தெளிவாக ஐந்து படிகளில் சொல்கிறது: ஒப்பந்தம் என்ன, அதில் என்ன செய்து தருவதாக ஒப்புக்கொண்டோம், விலை என்ன, அந்த விலையில் எந்த வேலைக்கு எவ்வளவு, வேலையை எப்போது முடித்துக் கொடுத்தோம். கடைசிப் படி முடிந்தால்தான் அது வருமானம். மண்டபம், கேட்டரிங், படப்பிடிப்பு என்று முன்பணம் வாங்கித் தொழில் செய்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது: வர வேண்டிய பணம் எல்லாம் வருமா?

22,000 வெள்ளி பாக்கி இருந்தது. அதில் 6,000 வெள்ளி, மூடிப்போன கடைகளும் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்ட மனிதர்களும் தர வேண்டியது. "மாமா இருந்தா எப்படியாவது வசூல் பண்ணியிருப்பாரு" என்றார் அப்பா. வராது என்று தெரிந்ததைச் சொத்து என்று காட்டக் கூடாது. 16,000 வெள்ளியை மட்டும் எழுதினோம். காகிதமும் மையும் 9,000 வெள்ளிக்கு நின்றன. அட்டைப்பெட்டியில் கிடந்த கடந்த ஆண்டு நாள்காட்டிகளுக்கு அப்பா விலை போட்டிருந்தார். வாங்கிய விலை, விற்றால் கையில் நிற்கும் விலை இரண்டில் எது குறைவோ அதைத்தான் எழுத வேண்டும். ஆண்டு முடிந்த நாள்காட்டிக்கு ஏது விலை? பூஜ்யம்.

மூன்றாவது: அந்த ஆஃப்செட் இயந்திரத்தின் மதிப்பு என்ன?

எனக்கு ஆச்சரியம் தந்த கேள்வி இதுதான். 60,000 வெள்ளிக்கு வாங்கியது, ஆறு ஆண்டு ஆகிறது. வரிக் கோப்பில் அதன் மதிப்பு பூஜ்யம். காரணம், பொதுவான இயந்திரங்களுக்கு வரிச் சட்டம் முதல் ஆண்டு 20 விழுக்காடும், அதோடு ஆண்டுக்கு 14 விழுக்காடும் கழிக்க விடுகிறது. ஆறு ஆண்டில் முழுத் தொகையும் கழிந்துவிடும். ஆனால், இயந்திரம் கடையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. தரத்தின்படி, அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று நியாயமாகக் கணித்துத் தேய்மானம் போட வேண்டும். பத்து ஆண்டு என்று வைத்தோம். ஆண்டுக்கு 6,000 வெள்ளி தேய்ந்து, ஆறு ஆண்டில் 36,000 போக, 24,000 வெள்ளி மிச்சம். வரிக் கணக்கை மட்டும் பார்த்துப் பங்கைப் பிரித்திருந்தால் இந்த 24,000 வெள்ளி கண்ணிலேயே பட்டிருக்காது.

நான்காவது: நீங்கள் யாருக்குக் கடன்?

காகிதக் கடைக்கு 11,000 வெள்ளி. மேலே சொன்ன முன்பணம் 8,000 வெள்ளி. கடை வாடகை மாதாமாதம் கட்டியாகிவிட்டது. பெரிய நிறுவனங்களாக இருந்தால் 2019 ஜனவரி முதல் நடப்பில் உள்ள எம்.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற தரத்தின்படி, இனி கட்ட வேண்டிய வாடகையையும் கடனாகக் காட்டியிருக்க வேண்டும். சிறு தொழில்களுக்கான தரம், புதிய பதிப்பிலும், அந்தச் சுமையை ஏற்றவில்லை.

ஆக, சொத்து 38,000, 16,000, 9,000, 24,000 சேர்ந்து 87,000 வெள்ளி. கடன் 19,000 வெள்ளி. மிச்சம் 68,000 வெள்ளி. பாதி 34,000 என்று நான் உடனே கணக்குப் போட்டேன். கணக்காளர் தலையை ஆட்டினார். "இன்னும் ஒரு புத்தகம் பார்க்கல."

என் படிப்புச் செலவு

கூட்டு வணிகக் கணக்கில் ஒவ்வொரு பங்காளிக்கும் இரண்டு பகுதி உண்டு. முதலில் போட்ட பணம் மூலதனக் கணக்கு. ஆண்டுதோறும் சேரும் லாபப் பங்கும், இடையில் எடுத்துக்கொள்ளும் பணமும் நடப்புக் கணக்கு. மூலதனம் இருவரும் சமம். லாபமும் சமம். ஆனால், எடுத்தது சமமா?

மாமாவின் பயிற்சிப் புத்தகங்களில் ஒன்றில், கடைசிப் பக்கங்களில், தேதி போட்டு வரிசையாக இருந்தது: 'பாப்பா காலேஜ்', 'பாப்பா ஹாஸ்டல்', 'பாப்பா லேப்டாப்'. பாப்பா நான்தான். ஊடகத் துறையில் நான் வாங்கிய பட்டத்துக்குக் கட்டிய பணத்தில் 12,000 வெள்ளி கடையிலிருந்து போயிருக்கிறது. மாமாவின் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் எடுக்கப்படவில்லை. மூத்தவன் படிவம் ஐந்து முடித்துத் தொழிற்சாலை வேலைக்குப் போனவன்.

அப்பா அதை மறைக்கவில்லை. மறந்துவிட்டார். "எடுத்துக்கோடா, பொண்ணு படிக்கட்டும்" என்று மாமாவே சொன்னாராம். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாராம். ஆனால், மாமா ஒவ்வொரு தொகையையும் எழுதி வைத்திருந்தார். கேட்பதற்காக எழுதியிருந்தால் எப்போதோ கேட்டிருப்பார். கணக்கு என்றால் எழுத வேண்டும் என்று நினைத்தவர், அவ்வளவுதான்.

எடுத்த 12,000 வெள்ளியையும் சேர்த்தால் மொத்தம் 80,000 வெள்ளி. ஆளுக்கு 40,000. அப்பா தம் பங்கில் 12,000 ஏற்கெனவே எடுத்துவிட்டார், மிச்சம் 28,000. மாமாவின் பங்கு 40,000 வெள்ளி. அப்பா மனத்தில் வைத்திருந்த 19,000 வெள்ளிக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்காளர் அந்தத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நல்லவேளை, அவகிட்ட 19,000ன்னு சொல்லல" என்றார்.

பங்கு கடனாக மாறும் நாள்

அதன் பிறகுதான் சட்டத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒரு பங்காளி இறந்த நாளிலேயே கூட்டு வணிகம் கலைந்துவிடுகிறது. எங்கள் கடைப் பலகை அப்படியே இருந்தது, இயந்திரம் ஓடியது, வாடிக்கையாளர் வந்தார்கள். ஆனால், சட்டத்தின் கண்ணில் அந்தக் கூட்டு முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அப்பா தனி வியாபாரி. எஸ்.எஸ்.எம். பதிவையும் மாற்ற வேண்டும்.

மாமாவின் பங்கும் அன்றே பெயர் மாறியது. அதுவரை மூலதனம். இறந்த நாள் முதல் அது, இருக்கும் பங்காளி அவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய கடன். கூட்டு வணிகச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கணக்குத் தரத்தின் அடிப்படையும் அதுதான்: கேட்டால் கொடுத்தே ஆக வேண்டிய பணத்தை நம் மூலதனம் என்று காட்டிக்கொள்ள முடியாது. ஆகவே, அந்த 40,000 வெள்ளி மூலதனப் பகுதியிலிருந்து கடன் பகுதிக்கு நகர்ந்தது. தாளில் ஒரு வரி இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால், துணிப்பையோடு வந்து நின்ற அத்தை எங்களிடம் உதவி கேட்கவில்லை, தமக்குச் சேர வேண்டியதைக் கேட்டார் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த ஒரு வரி.

கணக்கு முடிக்காமல் கடை தொடர்ந்து நடந்தால், இறந்தவரின் குடும்பத்துக்குச் சட்டம் ஒரு தேர்வும் தருகிறது. அவருடைய பங்கைப் பயன்படுத்தி வந்த லாபத்தில் ஒரு பகுதியைக் கேட்கலாம், அல்லது அந்தத் தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி கேட்கலாம். அத்தை இரண்டையும் கேட்கவில்லை. அப்பா வட்டியைச் சேர்த்தே இரண்டு ஆண்டுத் தவணையில் கொடுப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பங்குக்கு நானும் மாதாமாதம் ஒரு தொகை போட்டேன். என் படிப்புக்கு நான் கட்டிய கடைசித் தவணை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் கணக்கில் ஏறவில்லை. முப்பது ஆண்டாக அந்தக் கடைக்குச் சேர்ந்த நல்ல பெயர். நாமே உழைத்துச் சேர்த்த நற்பெயருக்குச் சொத்து என்று விலை போடத் தரம் இடம் தருவதில்லை. பங்காளிகள் வேண்டுமானால் தங்களுக்குள் ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒப்பந்தமே இல்லை.

உங்கள் வீட்டுக் கடைக்கு

இதைப் படிக்கும் பிள்ளைகள் பலர் வங்கியிலோ தொழிற்சாலையிலோ கணினியோடு வேலை செய்கிறவர்கள். அப்பாவின் கடைக் கணக்கை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சந்தேகப்பட்டு அல்ல, உதவிக்காக.

முதலில், எழுத்தில் ஓர் ஒப்பந்தம். அது இல்லாவிட்டால் சட்டம் தன் விதியைப் போட்டுவிடும்: லாபமும் நட்டமும் சமம், வேலை செய்வதற்குத் தனிச் சம்பளம் கேட்க முடியாது, முதலுக்கு வட்டி இல்லை, முதலுக்கு மேல் கடையில் போட்ட பணத்துக்கு மட்டும் 8 விழுக்காடு. ஒருவர் பகலிரவாக உழைக்க, மற்றவர் பணம் மட்டும் போட்ட கடையில் இந்த விதி யாருக்கும் பிடிக்காது. ஒருவர் இறந்தால் பங்கை எப்படி மதிப்பிடுவது, எத்தனை தவணையில் கொடுப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை இருப்புநிலைக் குறிப்பு. வரிப் பாரம் போதாது. ஒவ்வொரு பங்காளியின் மூலதனம், லாபப் பங்கு, எடுத்த பணம் மூன்றும் தனித்தனியாக அதில் தெரிய வேண்டும். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். மனைவிமார்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

மூன்றாவதாக, பி.எல்.டி. என்ற வழியும் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு வணிகம். சாதாரணக் கூட்டில் கடையின் கடனுக்குப் பங்காளியின் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும். பி.எல்.டி. சட்டப்படி தனி அமைப்பு. ஒரு பங்காளி இறந்தாலும் அது கலையாது. பதிவுக் கட்டணம் 500 வெள்ளி. கணக்கைத் தணிக்கை செய்யச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால், உண்மையான, நியாயமான நிலையைக் காட்டும் ஆவணங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடன்களைக் கட்டும் வலிமை உண்டா என்பதையும் ஆண்டுதோறும் அறிவிக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தோடு அங்கே போக முடியாது.

நான்காவது, மின் விலைப்பட்டியல். 2024 ஆகஸ்ட் 1 அன்று, ஆண்டு விற்பனை 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய தொழில்களை நோக்கி இறங்கி வந்தது. சிறு வணிகத்துக்கான விலக்கு வரம்பு இடையில் மாறியும் இருக்கிறது. உங்கள் கடை எந்தப் பக்கம் நிற்கிறது என்று வருமான வரி வாரியத்தின் அண்மைய அறிவிப்பில் பாருங்கள். அதைப் பார்ப்பதற்கே முதலில் உங்கள் ஆண்டு விற்பனை எவ்வளவு என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். முன்பணத்தையும் வருமானத்தையும் கலந்து எழுதும் கடைக்கு அது தெரியாது.

கடைசித் தவணையை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அத்தை தேநீர் கலக்கிக் கொடுத்தார். அப்பா கடைசி இருப்புநிலைக் குறிப்பின் நகலையும் மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து விளக்கினார். என் படிப்புச் செலவு வரியில் வந்ததும் தயங்கி நிறுத்தினார்.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எனக்குத் தெரியும்ணே. அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொன்னாரு, நம்ம பாப்பாவுக்கு பீஸ் கட்டியாச்சுன்னு."

இப்போது அச்சகத்தில் பயிற்சிப் புத்தகம் இல்லை. ஒரு மடிக்கணினி இருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நான் வந்து உட்காருவேன். அத்தையின் இளைய மகன் கணக்கு எழுதுவான். அவன் இப்போது கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அடுத்த ஆண்டு அவனையும் பங்காளியாகச் சேர்ப்பதாகப் பேச்சு. ஒப்பந்தத்தை முதலில் எழுதுவோம் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.